முந்திப் புறப்பட்ட சாட்சி

மலைமேல் இருந்த வானாய்வுக் கூடத்தில் கண்ணாடி கழுவுவது சடையாண்டியாரின் வேலை. அவர் அதைத் தொண்டென்றே கருதினார். அந்நாளில் வானத்தைக் கண்ணாடித் தகட்டில் படமெடுப்பார்கள். விண்மீன்கள் கறுத்த புள்ளிகளாகப் பதியும். உதவாதென்று ஒதுக்கிய தகடுகளைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து, சுரண்டி, வெறுங்கண்ணாடியாக்குவார். அதிகாரிகள் வீட்டுச் சாமி படங்களுக்குச் சட்டம் போட அவை போகும். சுரண்டுமுன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, "சிவசிவா, பொறுத்துக்கோ" என்பார். மாலையில் அடிவாரத்துச் சிவன் கோயிலில் விளக்கேற்றிய பிறகே சோறு உண்பார்.

ஒருநாள் தெற்கு அடிவானத்தில் எடுத்த மங்கலான தகடு ஒன்று கழுவ வந்தது. கார்த்திகை விளக்குகளைப் போல அதில் புள்ளிகள் மொய்த்திருந்தன. அவருக்குக் கை எழவில்லை. அழிக்க வேண்டாமென்று அதிகாரி தணிகாசலத்திடம் கெஞ்சினார். மனிதர் காது கொடுக்கவில்லை. அடியார் அதை வேட்டியில் சுற்றிக் கொண்டுபோய் வீட்டு மாடத்தில் வைத்தார்.

விசாரணை வந்தது.

"எடுத்தது நான்தாங்க. அத்தினி விளக்கையும் அணைக்க மனசு வரல."

"கண்ணாடியத் திருடிட்டு இன்னாய்யா கதை உடற?" என்றார் தணிகாசலம்.

வேலை போயிற்று. திருட்டென்று எழுதினார்களே தவிர, திருட்டுப்பொருளைத் திரும்பக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான் அதன் மதிப்பு! ஊர் அதோடு விட்டதா? திருடன் கை பட்ட விளக்கு சாமிக்கு ஆகாதென்று கோயிலிலும் தடுத்தார்கள். வயிற்றில் அடித்ததைத் தாங்கியவர் இதற்குத்தான் அழுதார். அன்று முதல் மாடத்தில், அந்தக் கண்ணாடியின் முன் அகல் ஏற்றிக் கும்பிட்டார். மனைவி உண்ணாமலையம்மை தண்ணீருக்குப் போனால், "குடத்தப் பாத்துக்கோங்கடி, திருடன் பொண்டாட்டி வரா" என்பார்கள்.

ஆண்டுகள் பல கழிந்து, தெற்கே ஒரு விண்மீன் வெடித்தது. வெடித்தது எது என்றறிய முன்பு எடுத்த படம் வேண்டும். கூடத்தில் அந்தத் திசைப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் சாமி படங்களுக்கு முன்னால் வெறுங்கண்ணாடியாக நின்றன. தணிகாசலமே குனிந்து அடியாரின் குடிசைக்குள் நுழைந்து, மாடத்துக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"பெரியவரே, வெடிச்ச எடத்துல இதுல ஒரு புள்ளி கீது. ஆனா இப்ப அந்த வெளிச்சம் சுத்தியிருக்கறதையெல்லாம் மறைக்குது. அது அடங்கி, இந்தப் புள்ளி மட்டும் இல்லன்னா, இதான் வெடிச்சதுன்னு உறுதி. அப்புறம் உங்க மேல இருக்கற பழிய நீக்கி எழுதிடறோம்."

உண்ணாமலையம்மை அதற்குள் படுக்கையில் விழுந்திருந்தார். தம் கணவர் திருடரல்லர் என்று ஒரு வாய் சொல்லக் கேட்டுவிட்டுச் சாக வேண்டும், அதுவே அவர் ஆசை. மாலைதோறும், "இன்னும் மங்கலையா?" என்று கேட்பார். "மங்குது, மங்குது" என்பார் அடியார். உலகமே வியந்த ஒளி அணையட்டும் என்று அந்த ஒரு வீடு காத்துக் கிடந்தது. விண்மீனுக்கு முன் அம்மை அணைந்தார்.

அடுத்த மாதம் புதுப்படம் வந்தது. மற்றப் புள்ளிகள் எல்லாம் இருந்தன; அந்த ஒன்றைக் காணோம். தணிகாசலம் கோயில் வாசலில் ஊரைக் கூட்டி, "இவர் திருடர் இல்ல" என்று சொன்னார். அந்த ஒளி நம்மை வந்து சேர லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆனதென்றும் விளக்கினார்.

அடியாருக்குக் கண் நிறைந்தது. "நான் பொறக்கறதுக்கு முன்னயே எனக்குச் சாட்சி அனுப்பிட்டானே!" என்று கைகூப்பி, உள்ளே போய் விளக்கேற்றினார்.

அத்தனை காலம் முன்பே அனுப்பியவன் இன்னும் ஒரு மாதம் முந்தி அனுப்பியிருக்கக் கூடாதா? அடியார் அதைக் கேட்கவில்லை. நமக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்காத சடையாண்டியார் திருவடிக்கு வணக்கம்.