மலையில் உருண்ட சக்கரம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் கொலுமண்டபத்துச் சுவரில் ஒரு தேர்ச் சக்கரம் சாய்ந்து கிடந்தது. அதற்குரிய தேர் மலைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டில், மூன்று சக்கரத்தோடு நின்றது.

முப்பது வருஷத்துக்கு முன் ராஜாவின் தகப்பனார் போரில் வென்று வந்த சக்கரம் என்று சொல்வார்கள். ஆள் உயரம், முழு இலுப்பை மரம். ஒரே மரத்தில் செய்த நான்கும் சேர்ந்தால்தான் தேரை இழுப்பது அந்த நாட்டு வழக்கம். அதனால் திருவிழா நெருங்கினால் சக்கரத்தை மீட்க மலையேறி வருவார்கள். இவர்கள் தடுப்பார்கள். இரண்டு பக்கமும் பத்து இருபது பேர் சாவார்கள். தேர் நகராது. அடுத்த வருஷமும் அதே கதைதான்.

அரண்மனை விகடகவி குப்பாண்டியின் மூத்த மகன் அந்த மலைச் சண்டையில்தான் செத்துப்போனான். இளையவன் செங்கானை இப்போது மலைக் காவலுக்கு எடுத்திருந்தார்கள். குப்பாண்டிக்கு அறுபது வயது. ஒரு காலை விந்தி விந்தி நடப்பார். சபையைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மனைவியிடம் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

அந்த வருஷம் பக்கத்து நாட்டிலிருந்து படைக்குப் பதில் ஒரு கிழத் தூதர் வந்தார். சக்கரத்தைக் கொடுத்துவிட்டால் இனி மலையேற மாட்டோம் என்றார். ராஜாவுக்கும் அலுத்துப் போயிருந்தது. ஆனால் தகப்பனார் வெற்றித் தூணில் சத்தியம் வெட்டி வைத்திருந்தாரே: இந்தச் சக்கரத்தை நம்மவர் எவரும் கொடுக்கலாகாது, பகைவர் எவரும் எடுக்கலாகாது என்று.

“சக்கரம் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். நாம் கொடுக்கவும் கூடாது, அவர்கள் எடுக்கவும் கூடாது. யாரால் முடியும்?” என்று கேட்டார் ராஜா.

சேனாதிபதி மழவராயனுக்குக் குப்பாண்டியைக் கண்டாலே ஆகாது. சண்டை நின்றால் தன் பவிசும் நின்றுவிடும் என்ற கவலை வேறு. அவன் எழுந்தான். “மகாராஜா, விகடகவி செய்து காட்டட்டும். முடியாவிட்டால் மகனோடு மலைக் காவலுக்கு வரட்டும். அங்கேயும் சிரிக்க ஆள் வேண்டுமே.”

சபை சிரித்தது. குப்பாண்டியும் சிரித்தார், அது அவர் வேலை.

அவர் இரண்டே இரண்டு கேட்டார். இரு நாட்டாரும் பார்க்கும்படி சக்கரத்தை எல்லை முகட்டில், அந்தப் பக்கச் சரிவின் விளிம்பில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். யாரும் தொடாதபடி சேனாதிபதியே காவல் நிற்க வேண்டும். மழவராயனுக்கு வாயெல்லாம் பல்.

குறித்த நாளில் ராஜா முகட்டுக்கு வந்தார். அந்தப் பக்கச் சரிவின் கீழே பக்கத்து நாட்டு ஜனங்கள் கூடியிருந்தார்கள்.

தேர் இழுக்கிற ஊரில் சக்கரம் எங்கே நின்றாலும் அடியில் முட்டுக்கட்டை கொடுப்பார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். இந்த நாட்டில் தேரே கிடையாது. சுவரில் சாய்ந்த சக்கரத்தைத்தான் இவர்கள் பார்த்திருந்தார்கள். ஆகவே எட்டுப் பேர் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிப் பிடித்தார்கள். அதில் செங்கானும் ஒருவன்.

சக்கரத்தில் எவன் கை பட்டாலும் அந்தக் கை இருக்காது என்று மழவராயன் மூன்று முறை முரசறைந்து அறிவித்தான். தூதர் சக்கரத்தின் அடியைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். குப்பாண்டி அவரையே பார்த்தார். தூதர் வாயை மூடிக்கொண்டு இரண்டடி ஒதுங்கி நின்றார்.

குப்பாண்டி விந்தியபடி சேனாதிபதியிடம் போனார். “ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. எட்டுப் பேர் கை அதுலதான் இருக்கு.”

ராஜா பார்த்துக்கொண்டிருந்தார். மழவராயன் முகம் கறுத்தது. “விடுங்கடா” என்றான்.

விட்டார்கள். சக்கரம் யோசிப்பது போல் ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல அந்தப் பக்கம் உருளத் தொடங்கியது.

“பிடிங்கடா!”

எட்டுப் பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். “கை போயிடுமே, ஐயா” என்றான் செங்கான்.

சக்கரம் புதரை நசுக்கி, பாறையில் எகிறி, விலகி ஓடிய ஜனங்களுக்கு நடுவே புகுந்து, அவர்கள் நாட்டு உழவு வயலின் சேற்றில் போய்ச் சாய்ந்தது. கீழே ஒரு கிழவி குலவையிட்டாள்.

இது சூழ்ச்சி என்று மழவராயன் குதித்தான். யாராவது கொடுத்தார்களா என்று ராஜா கேட்டார். இல்லை. யாராவது எடுத்தார்களா? அதுவும் இல்லை. காவல் யாருடையது? மழவராயன் உட்கார்ந்துவிட்டான்.

ராஜா குப்பாண்டியைத் தனியே அழைத்து, இப்படி நடக்கும் என்று எப்படித் தெரியும் என்று விசாரித்தார்.

“அது வந்த வழிதான், மகாராஜா. அவர்கள் இந்த முகட்டில் மரம் வெட்டி, இங்கேயே நான்கு சக்கரமும் செய்தார்கள். ஒன்றுக்கு முட்டுக்கட்டை வைக்க மறந்துவிட்டார்கள். நம் பக்கம் உருண்டது. நான் கீழே குதிரைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கால் அன்றைக்குப் போனதுதான். மறுநாள் தங்கள் தகப்பனார் யானையோடு வந்தார்.”

“எழுநூறு யானையோடு வென்றதாகத் தூணில் இருக்கிறதே?”

“யானைகள் வந்தது நிஜம். சக்கரத்தைத் தூக்க.”

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபோது களைத்திருந்தார். கையிலிருந்த காப்பைக் கழற்றி நீட்டினார். காப்பு வேண்டாம், பையனை அனுப்பினால் போதும் என்றார் குப்பாண்டி.

“உன் பையனை மட்டும் வைத்து என்ன, எல்லாரையும் வைத்து என்ன? இங்கே காவல் காக்க இனி என்ன இருக்கிறது? அத்தனை பேரும் வீட்டுக்குப் போகட்டும்” என்று சொல்லி, காப்பையும் அவர் கையில் மாட்டிவிட்டார்.

அப்பாவின் காலுக்கு ஏற்றபடி செங்கான் மெதுவாக நடந்து வந்தான். வீட்டில் குப்பாண்டி நடந்ததையெல்லாம் அங்க அசைவோடு மனைவிக்குச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. செங்கானின் இலையில் இன்னும் ஒரு கை சோறு வைத்தாள்.