செம்பு தீர்ந்த பிறகு

"இன்னொரு தடவை மன்னிப்புக் கேக்கட்டும் மேடம். எல்லார் முன்னாடியும் கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

தலைமைக் காவலர் இசக்கிமுத்து இதைச் சொன்னபோது, பயிற்சியாளர் செண்பகவல்லி தன் துப்பாக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வயதில் அவருக்குத் தங்கை போன்றவள். ஆனால் சுடும் விஷயத்தில் அவள் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசியதில்லை.

இன்றுதான் முதல் தடவை.

கதை போன வருடத்தது. இரட்டையர் போட்டியில் கடைசிக் குண்டு. அவருக்கு ஜோடியாகப் பக்கத்தில் படுத்திருந்த ஜெபக்குமார் தன் டார்கெட்டை விட்டுவிட்டு இசக்கிமுத்துவின் டார்கெட்டில் சுட்டுவிட்டான். குண்டு என்னவோ நட்டநடு வட்டத்தில்தான் விழுந்தது. அடுத்தவன் டார்கெட்டில் விழுந்ததற்கு மதிப்பெண் ஏது? கழுத்துக்கு வரவேண்டிய பதக்கம் வேறு ஊருக்குப் போயிற்று.

அன்று சாயங்காலமே ஜெபக்குமார் மன்னிப்புக் கேட்டான். பிறகு மனைவியோடு வீட்டுக்கு வந்து கேட்டான். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து, அதை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

ஒவ்வொரு தடவையும் இசக்கிமுத்து "சரி, விடு" என்றார்.

அவர் விடவில்லை. கேட்கும்போது ஜெபக்குமாரின் வாயோரம் லேசாகச் சிரிக்கிற மாதிரி அவருக்குத் தோன்றியது. மனதார வந்த மன்னிப்புதானா என்று யார் கண்டது?

இந்த வருடப் போட்டிக்கு இன்று மதியத்துக்குள் ஜோடிகளின் பெயர்களை அனுப்பியாக வேண்டும். அவனோடு சுட மாட்டேன் என்று இவர் சொன்னால் அவன் பெயர் அடிபட்டுவிடும். அடுத்த வருடம் அவனுக்கு வயது தாண்டிவிடும். இதெல்லாம் இசக்கிமுத்துவுக்கு நன்றாகவே தெரியும்.

செண்பகவல்லி கழற்றிய குழலை மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள்.

குண்டின் மேல்தோல் செம்பு. போகிறபோது ஒவ்வொரு குண்டும் குழலுக்குள் கொஞ்சம் செம்பைப் பூசிவிட்டுப் போகும். படிந்து படிந்து ஒருநாள் குறி விலகத் தொடங்கும். பிரஷ்ஷுக்கு அது அசையாது. அதற்கென்றே ஒரு மின்பெட்டி வைத்திருந்தாள். குழலின் அடியை அடைத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒட்டாமல் ஒரு கம்பியை நிறுத்தி, கரண்ட் கொடுத்தால் போதும். செம்பு குழலை விட்டுக் கம்பிக்கு வந்துவிடும்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. கம்பியை அப்பப்ப எடுத்துத் துடைச்சுப் போடுங்க. வெறுங்கம்பியா வந்தா சுவிட்சை அணைச்சிருங்க."

சொல்லிவிட்டுச் சுடும் ரேஞ்சுக்குப் போய்விட்டாள்.

அவளுடைய போட்டித் துப்பாக்கி அது. யாரையும் தொட விடமாட்டாள். இசக்கிமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஜன்னல் வழியே வெளியே வேப்பமரம் தெரிந்தது. அதன் கீழே உட்கார்ந்திருந்த ஜெபக்குமார் டீ கிளாஸைக் கையில் வைத்தபடி, குடிக்காமல் இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் கம்பி செக்கச்செவேலென்று வந்தது. அத்தனை செம்பு. துடைத்துப் போட்டார். அடுத்து எடுத்தபோது இளஞ்சிவப்பு. துடைத்துப் போட்டார்.

பிறகு வெறுங்கம்பியாக வந்தது.

சுவிட்சில் கை வைத்தவர் தயங்கினார். மேடத்தின் குழல். உள்ளே திருகுபோல ஓடும் புரிகளின் இடுக்கில் துளி ஒட்டியிருந்தால்? கம்பி சொல்வதை அப்படியே நம்பிவிட முடியுமா?

கம்பியைத் திரும்பவும் உள்ளே இறக்கினார். ஜன்னல் பக்கம் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

செண்பகவல்லி திரும்பி வந்தபோதும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கம்பியை உருவினாள். அதில் கருப்பாக, சேறு மாதிரி ஏதோ அப்பியிருந்தது.

"இது செம்பு மாதிரி இல்லையே மேடம்," என்றார் இசக்கிமுத்து.

"செம்பு எப்பவோ தீர்ந்துட்டு அண்ணாச்சி. கரண்ட் சும்மா இருக்குமா? குழலைத் தின்னுருக்கு."

மருந்தைக் கொட்டி, குழலைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக அவர் கையில் கொடுத்தாள். உள்ளே பார்த்தார். கண்ணாடியாக இருக்க வேண்டிய இரும்பில் அம்மைத் தழும்பு போலப் பொடிப் பொடியாகக் குழிகள்.

வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். அவள் கத்தவில்லை.

"வெறுங்கம்பியா வரலையா?"

"வந்துச்சு மேடம்."

"அப்புறம்?"

"நம்பிக்கை வரல. அதான், இன்னொரு தடவை..."

மேடத்திடம் முதலில் சொன்ன அதே வார்த்தை அவர் காதில் விழுந்தது.

அவர் மறுபடி குழலுக்குள் பார்த்தார். குழலின் மறுமுனையில், வெளிச்ச வட்டத்துக்குள், வேப்பமரமும் டீ கிளாஸும் சின்னதாகத் தெரிந்தன.

இசக்கிமுத்து குழலை மெதுவாக மேசைமேல் வைத்தார். எட்டி, இன்னும் அணையாமலிருந்த பெட்டியின் சுவிட்சை அணைத்தார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே நடந்தார்.

அவர் வருவதைப் பார்த்து ஜெபக்குமார் எழுந்து நின்றான். பழகிப்போன வார்த்தை வாய்க்கு வந்துவிட்டது.

"அண்ணே, நான் அன்னைக்கு..."

"ஏலே ஜெபம்," என்றார் இசக்கிமுத்து, அவன் கையிலிருந்த ஆறிப்போன டீயை வாங்கிக்கொண்டு. "இந்தத் தடவையாவது உன் டார்கெட் எதுன்னு பாத்துப் படுலே."