கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

"எனக்கு ஒரு வருஷம் மௌன விரதம் கொடுங்க அம்மா" என்றார் தெய்வசிகாமணி.

இதற்கு முன்பும் கேட்டிருக்கிறார். வடிவம்மா அப்போதெல்லாம் சிரித்துவிட்டு வேறு வேலை சொல்லி அனுப்பிவிடுவார். இன்றைக்கு அவர் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மடத்தின் தலைவி என்றால் புலித்தோலில் கண்மூடி அமர்ந்திருப்பார் என்று நம்பி வருகிறவர்கள் ஆனைமலைப் பாதையிலுள்ள இந்த மடத்தில் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

வடிவம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். துறவு கொள்வதற்கு முன் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். தெய்வசிகாமணி அறுபதைத் தாண்டியவர். நூல் மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பையோடு இங்கே வந்து தங்கிவிட்டார். தன்னைவிடச் சின்னவரை அம்மா என்று கூப்பிட முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

"எப்ப இருந்துங்க?" என்று வடிவம்மா கேட்டார்.

"வர்ற அமாவாசையில இருந்துங்க."

"அதென்ன அவ்வளவு அவசரம்? அமாவாசை முடிஞ்சா வளர்பிறை முகூர்த்தம் வருது. ஊர்ல ஏதாச்சும் கல்யாணமுங்களா?"

தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார். இந்த அம்மாவிடம் பொய் சொல்லவும் வராது, மறைக்கவும் வராது.

"தம்பி பொண்ணுக்குங்க" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய அப்பா இறந்தபோது சித்திரை வெயில். தெய்வசிகாமணி மில் வேலையாக வெளியூர் போயிருந்தார். தகவல் தெரிந்து பஸ் மாறி பஸ் மாறி ஊருக்கு வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் எல்லாம் முடிந்திருந்தது. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி மயில்சாமி வைத்துவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. தெய்வசிகாமணி சத்தம் போடவில்லை, நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். இப்போது தம்பி மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா மணவறை ஓரம் நிற்காவிட்டால் ஊர் கேட்கும். விரதத்தில் இருக்கிறார் என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

வடிவம்மா நறுக்கியதைச் சட்டியில் வழித்துப் போட்டார்.

"அந்தச் சின்ன ரூமில ஒரு கம்ப்யூட்டர் இருக்குதில்லீங்களா? அமாவாசைக்குள்ள அதை அமைதியாக்குங்க. அப்புறம் உங்க விரதத்தைப் பேசலாம்."

"அன்னிக்கு மட்டும் அணைச்சு வச்சுட்டாப் போதுங்களா?"

"அணைச்சு வச்சா எதுதான் அமைதியா இருக்காது? ஓடணும். ஓடிக்கிட்டே அமைதியா இருக்கணும்."

அந்தக் கம்ப்யூட்டரைத் தெய்வசிகாமணிதான் கவனித்துவந்தார். முன்பு மடத்துத் தலைவராக இருந்த பெரியசாமி பேசியதெல்லாம் கேசட்டுகளில் கிடந்தது. பெரியசாமி பேசாத நாள் அமாவாசை ஒன்றுதான் என்பதால் கேசட்டுகள் ஒரு பீரோ நிறைய இருந்தன. பூஞ்சணம் பிடிப்பதற்குள் அவற்றை ஒவ்வொன்றாக டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு, ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். ஒரு நாளும் விடாமல் நடந்துவந்தது இந்த வேலை. ஸ்பீக்கர் கிடையாது, பாட்டும் கிடையாது. ஆனாலும் அந்தப் பெட்டி மாவு மில் மாதிரி இரைந்தது. கோடை பிறந்ததிலிருந்து இன்னும் மோசம்.

மற்ற நாளில் யாரும் பொருட்படுத்தவில்லை. அமாவாசை அப்படியல்ல. அன்றைக்கு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை மடத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். மணியின் நாக்கில் துணி சுற்றிவிடுவார்கள். கிணற்று உருளைக்கு முதல் நாளே எண்ணெய் விடுவார்கள். இவ்வளவும் செய்துவிட்டுத் தியான மண்டபத்தில் கண்ணை மூடினால், பக்கத்து அறையிலிருந்து 'ஹோ'வென்று விசிறிச் சத்தம். போன அமாவாசைக்கு வந்த அன்பர் ஒருவர், பேசக் கூடாதே என்று, காதைப் பொத்திக் காட்டிவிட்டு எழுந்தே போய்விட்டார்.

தெய்வசிகாமணி வேலையில் இறங்கினார். ஃபோர்மேன் புத்தி சும்மா இருக்குமா? முதலில் பெட்டிக்கு அடியில் சாக்கை மடித்து வைத்தார். அதிர்வு குறைந்தது, இரைச்சல் குறையவில்லை. பின்பக்கத்து ஓட்டைகளை அட்டை வைத்து அடைத்துப் பார்த்தார். கொஞ்சம் பலன் தெரிந்தது. உற்சாகம் வந்துவிட்டது. பழைய கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து, குழந்தைக்குக் குளிருக்குப் போர்த்துவது போல் நாலாப்பக்கமும் போர்த்தினார். போர்த்தியதை அப்படியே தூக்கி மர அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

வெளியே வந்து நின்று காது கொடுத்தார். பெட்டி ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வருஷம் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

அமாவாசை அன்று மண்டபத்தில் அப்படி ஓர் அமைதி. காகம் ஓட்டில் நடப்பது கேட்டது. தெய்வசிகாமணி அலமாரி இருந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தாலும் முகத்தில் பெருமை தெரிந்தது.

வெயில் ஏறிய நேரத்தில் மயில்சாமி வந்தான்.

கையில் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. வெளியாட்கள் அமாவாசையில் பேசக் கூடாது என்று மடத்தில் விதியில்லை. பதில் கிடைக்காது, அவ்வளவுதான். அது தெரிந்தோ தெரியாமலோ அவன் அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது.

"அண்ணா, என்ற பொண்ணுக்குக் கல்யாணமுங்க" என்றான். "நீங்க முன்னாடி நின்னு நடத்தணும்."

தெய்வசிகாமணி கை கூப்பினார். பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்து, மேலே காட்டினார். விரதம் என்று அர்த்தம்.

"சரிங்கண்ணா. நீங்க பேச வேண்டாம். நான் சொல்லிட்டுப் போறேன்." மயில்சாமி தட்டை நகர்த்தி வைத்தான். "அன்னிக்கு என்ன வெயில் அடிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியும். இனித் தாங்காது, எடுத்துரலாம்னு பெரியவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் ரோட்டு மேல போய் நின்னுக்கிட்டேன். ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன். கடைசியில என்னைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அந்தக் கொள்ளி என் கையில இருந்தப்ப, இது எங்கண்ணனோடதுன்னுதான் அழுதேன். அப்பனுக்கு அழுதேனான்னே தெரியலீங்க."

தெய்வசிகாமணிக்கு நெற்றியில் வேர்த்தது. என்னென்னவோ சொல்ல வந்தது. சொன்னால் எல்லாம் வெளியே கொட்டிவிடும் என்று பயமாக இருந்தது. அவர் மறுபடியும் கை கூப்பினார்.

மயில்சாமி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"உடம்பைப் பார்த்துக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் வெளிவாசலைத் தாண்டியிருப்பான், ஏதோ தீய்ந்த வாடை வந்தது. தெய்வசிகாமணி அலமாரியைத் திறந்தார். சூளைக் கதவைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. கம்பளியை இழுத்தபோது விரல் சுட்டுவிட்டது. அந்த வலியிலும் அவர் ஒரு சத்தம் எழுப்பவில்லை. மானிட்டர் கறுத்துக் கிடந்தது. பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தும் உயிர் வரவில்லை. திரும்பினால், மண்டபத்துத் தூண் ஓரம் வடிவம்மா நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு பார்த்தார் என்று தெரியவில்லை. அன்றைக்கு அவரும் பேசக் கூடாது.

மறுநாள் காலை வடிவம்மா பெட்டியை வேப்பமரத்தடிக்குத் தூக்கிவரச் சொன்னார். ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் அடிக்கும் பிரஷ், சைக்கிள் பம்ப் எல்லாம் தயாராக இருந்தன. பக்கத்து மூடியைக் கழற்றினார்.

உள்ளே எல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தது. விசிறி இறக்கைகளில் கனமாக ஒட்டியிருந்தது. விசிறிக்குப் பின்னால் இருந்த அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் சுண்ணாம்பு பூசினாற்போல அடைத்துக் கிடந்தது. வடிவம்மா விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"திருநீறு" என்றார்.

தெய்வசிகாமணி நெளிந்தார்.

"யார் போட்டது?"

"நான்தானுங்க. வெள்ளிக்கிழமை தவறாம முன்பக்கம் பட்டை அடிச்சு, சாம்பிராணி காட்டுவேன். பெரியசாமி குரல் இருக்கிற பெட்டியாச்சுங்களே."

வடிவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் தோள் குலுங்கச் சிரித்தார். பெட்டி காற்றை முன்பக்கம்தான் இழுக்கும். ஒவ்வொரு வெள்ளியும் அது திருநீற்றையும் சாம்பிராணிப் புகையையும் சேர்த்து இழுத்திருக்கிறது. மடத்தில் யாரும் உள்ளுக்குள் இத்தனை நீறு பூசியதில்லை.

"மில்லுல மோட்டார்ல பஞ்சு அடைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"உடனே நிறுத்தி, காத்தடிச்சு எடுத்துருவோமுங்க. இல்லீன்னா சூடேறி எரிஞ்சு போயிரும்."

"இது மட்டும் எப்படிங்க தோணாமப் போச்சு?"

"அது பஞ்சுங்க. இது திருநீறு. திருநீறு எப்படிங்கம்மா தூசியாகும்?"

"நெத்தியில இருக்கிற வரைக்கும் திருநீறு. இங்க வந்தாத் தூசிதான்."

விசிறி சுற்றாமல் இருக்க வடிவம்மா ஒரு விரலால் பிடித்துக்கொண்டார். தெய்வசிகாமணி சைக்கிள் பம்பால் காற்றடித்தார். வெள்ளைப் புகையாக எழுந்து இருவர் தலையிலும் படிந்தது. இடுக்குகளைப் பிரஷ்ஷால் துழாவினார்கள். தகட்டைக் கழற்றியபோது அதற்கும் சிப்புக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பசை காய்ந்து பொரிந்து போயிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, மிளகளவு புதுப் பசை வைத்துத் தகட்டை மறுபடி முடுக்கினார் வடிவம்மா.

"அம்மா, இவ்வளவு நாளா இது ஏனுங்க இப்படிக் கத்துச்சு?"

"உள்ள சூடு ஏறினா விசிறி வேகமாச் சுத்தும். அந்தச் சத்தம்தான் நமக்குக் கேட்டது. பாவம், அது தப்பிக்கப் பார்த்திருக்குது."

"நான் கம்பளியைப் போர்த்திட்டேன்."

வடிவம்மா பெட்டியை மூடி, பழைய அறைக்கே கொண்டுபோய், சுவரை விட்டுத் தள்ளி, ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்னார். அட்டையில்லை, சாக்கில்லை. பொத்தானை அமுக்கியதும் உயிர் வந்தது. டேப் ரெக்கார்டர் ஓடத் தொடங்கியது. விசிறி சுற்றுவது தெரிந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்டது.

தட்டும் பத்திரிகையும் அறை வாசலில் நேற்று வைத்தபடியே இருந்தன. தெய்வசிகாமணி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க சொன்ன மாதிரி இது அமைதியாயிருச்சுங்கம்மா."

"ஆயிருச்சு."

"நான் பண்ணலை, நீங்கதான் பண்ணினீங்க. ஒத்துக்கிறேன். ஆனாலும் கேக்கறனுங்க. எனக்கு விரதம் கொடுங்க."

"நேத்துத் தம்பி வந்தாரே."

"வந்தானுங்க. ஒரு சுடுசொல் சொல்லலை நான். அமைதியாத்தான் இருந்தேன்."

"நேத்து அமாவாசை, எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் அப்படித்தானுங்க. எங்கப்பன் போன நாள்ல இருந்து அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. சண்டைன்னு ஒண்ணு போட்டதே இல்லை. என்னாலே முடியும்கிறதுக்கு வேற என்னங்கம்மா சாட்சி வேணும்? சொல்லுங்க, எப்ப ஆரம்பிக்கலாம்?"

வடிவம்மா ஸ்க்ரூடிரைவரை முந்தானையில் துடைத்தார்.

"உங்கப்பா போன அன்னிக்கே ஆரம்பிச்சுட்டீங்களே" என்றார். "முதல்ல அதை முடிச்சுட்டு வாங்க."