நூற்றொன்பதாவது வர்மம்

அன்று காலை பத்து மணியிலிருந்து ஆலங்கிணறு கிராம நிர்வாக அலுவலகத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கு வெளியே பதினொரு குடும்பத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டுக்கு உள்ளே கிராம நிர்வாக அலுவலர் குணசீலன் உட்கார்ந்திருந்தார்.

ஐயா கேம்ப் போயிருக்கிறார் என்று தலையாரி வெயிலுமுத்து நான்கு முறை சொல்லிவிட்டார். மனு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, நாளைக்கு வாங்க என்பதையும் நான்கு முறை சொல்லிவிட்டார். கேம்ப் போன ஐயாவின் மொபெட் கட்டடத்துக்குப் பின்னால் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. ஒரு மணிக்கு வெயிலுமுத்து பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு புரோட்டாப் பொட்டலத்தை உள்ளே நீட்டியதை, காத்திருந்தவர்களில் ஒருத்தியான பேராச்சி பார்த்துவிட்டாள். கேட்டதற்குப் பூனைக்கு என்றார். சால்னாவுமா என்று கேட்டாள். வெறும் புரோட்டாவை அது தின்னாது என்றார்.

வந்திருந்தவர்களுக்கு வேண்டியது ஒரு காகிதம். எந்த நிலத்தில் எந்தப் பருவத்தில் என்ன விளைந்தது என்று கிராமக் கணக்கில் எழுதி வைக்கிறார்களே, அந்த அடங்கலின் நகல். கரட்டுக்காட்டில் அவர்கள் மூன்று தலைமுறையாக உளுந்தும் சோளமும் விதைக்கிறார்கள். அதைத் தரிசு என்று அறிவித்து, கல் உடைக்கும் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. ஆட்சேபம் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். தாலுகா அலுவலகத்தில் மாலை ஐந்து மணிவரை வாங்குவார்கள். மூன்றரை மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. அடங்கல் இல்லாமல் போகும் ஆட்சேபம் அங்கே வடை மடிக்கத்தான் ஆகும்.

ஒன்றரை மணிக்கு வயிறுகள் பேச ஆரம்பித்தன. வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நான்கைந்து பேர் எழுந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்திருந்த சொரிமுத்துவுக்குப் பகீரென்றது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நாற்பது வருடம் கொடி பிடித்தவர். கூட்டம் எப்படிக் கலையும் என்று அவருக்குத் தெரியும். தடியடியில் கலையும் கூட்டம் மறுநாள் மறுபடி சேரும். சோற்றுக்குக் கலையும் கூட்டம் சேரவே சேராது. இவர்கள் தெருமுனை திரும்பினால் போதும், மொபெட் சாக்கை உதறிவிட்டுக் கிளம்பிவிடும். கதவைத் தட்டலாம்தான். தட்டினால் அரசுப் பணிக்கு இடையூறு என்று வழக்குப் போடுவார்கள். கதை சொன்னதற்காக யார்மேலும் வழக்குப் போட்டதாக அவருக்கு நினைவில்லை.

ஆகவே அவர் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு, இந்தப் பூட்டெல்லாம் எனக்கு ஒரு விரலுக்குக் காணாது, வர்மம் தெரிந்தவன் தொட்டால் பூட்டே கொட்டாவி விடும், வேண்டாமே என்றுதான் சும்மா இருக்கிறேன் என்றார்.

எழுந்தவர்கள் நின்றார்கள். பேராச்சி முந்தானையை உதறி மறுபடி உட்கார்ந்தாள். "நீங்க எப்ப அண்ணாச்சி வர்மம் படிச்சீக? போன மாசம் உங்க வீட்டுக் கோழி கொத்துனதுக்கே கட்டுப் போட்டுல்லா திரிஞ்சீக."

கோழிக்கு வர்மம் பார்ப்பது பாவம் என்று சொல்லிவிட்டு சொரிமுத்து தொடங்கினார்.

அவர் எட்டு முறை சிறைக்குப் போனவர். ஏழு முறை மக்களுக்காக. ஒரு முறை தவறுதலாக, வேறொரு சொரிமுத்துவுக்குப் பதிலாக. அந்தத் தவறுதலான சிறையில்தான் களியக்காவிளைப் பக்கத்துத் தங்கையன் ஆசான் வாய்த்தார். ஆசானுக்கு நூற்றெட்டு வர்மமும் தெரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. உயிரெழுத்துப் பன்னிரண்டு, பட்டால் ஆளைச் சாய்க்கும் படுவர்மமும் பன்னிரண்டு. ஒன்றுக்கு ஒன்று என்று பண்டமாற்றுப் பேசிக்கொண்டார்கள். இவர் 'அ' சொல்லிக் கொடுத்தால் அவர் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். நூற்றெட்டும் கைவந்த அன்று ஆசானுக்கு வாசிக்க வந்துவிட்டது. அவர் முதன்முதலாக எழுத்துக்கூட்டி வாசித்தது தன்னுடைய விடுதலை உத்தரவை. அது வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

போகும்போது ஆசான் ஒரு விதி சொன்னாராம். தொட்டு மரத்துப்போக வைக்க எவனாலும் முடியும். மரத்ததை இளக்கி எழுப்ப எதிர்த்தட்டு ஒன்று தட்ட வேண்டும், அதற்குப் பெயர் அடங்கல். அடங்கல் தெரியாதவன் யாரையும் தொடக் கூடாது.

"அந்த அடங்கலாவது கேட்டா உடனே கிடைக்குமாவே?" என்றார் மாடக்கண்ணு. முப்பது வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். எவன் சில்லறையை மறைக்கிறான், எவன் வயதை மறைக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவார்.

சொரிமுத்து அதைக் காதில் வாங்காமல், முதலில் கொசுவில் பழகியதைச் சொன்னார். சிறைக் கொசுவை இடது இறக்கைக்குக் கீழே தொட்டால் பொத்தென்று விழும். அடங்கல் தட்டினால் எழுந்து, மன்னிப்புக் கேட்பது மாதிரி இரண்டு சுற்று சுற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். வெளியே வந்த பிறகு மனிதர்கள்தான். ஒரு ஊர்வலத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் லத்தியை ஓங்கினார். இவர் சுண்டுவிரலால் அவர் முழங்கைக்கு மேல் லேசாகத் தொட்டார். ஓங்கிய கை ஓங்கியபடி நின்றுவிட்டது. மூன்று நாள் இறங்கவில்லை. ஸ்டேஷனில் காவலர்கள் பதில் சல்யூட் அடித்து அடித்து ஓய்ந்து போனார்கள். கோயில் வழியாகப் போனபோது இரண்டு கிழவிகள் அவர் காலில் விழுந்து ஆசி வாங்கினார்கள். மூன்றாம் நாள் சங்கத்துக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்கு வந்தவர் மேடையோரம் நின்றார். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களை எண்ணியபோது ஒரு கை கூடுதல். தீர்மானம் அந்த ஒரு ஓட்டில்தான் நிறைவேறியது.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது சொரிமுத்துவின் காதில் ஒன்று பட்டது. சொல்லப்போனால், ஒன்று படாமல் போனது. காலையிலிருந்து பூட்டிய அறைக்குள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுவிட்டது. மின்சாரம் போகவில்லை; எதிர்த் தோட்டத்துப் பம்புசெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சித்திரை மாத மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மனிதன் விசிறியை நிறுத்துகிறான் என்றால் அவனுக்கு ஏதோ சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

சொரிமுத்து கொஞ்சம் திரும்பி, கதவைப் பார்க்க உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து லாரி. கூலி தராமல் நெல்லை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பண்ணையார் லாரியை மறித்து, முகப்பு விளக்குக்கு இரண்டு விரற்கடை கீழே தொட்டார். லாரி முன்னங்கால் இரண்டையும் மடக்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, மனசுதான் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கூலியை அளந்த பிறகு இவர் பின்பக்கம் போய் ஒரு தட்டுத் தட்டினார். லாரி ஒரு தும்மல் போட்டு எழுந்தது.

உள்ளே நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கதவை நோக்கி வந்து நின்றது. பேராச்சியின் கண் பூட்டுக்குப் போயிற்று. சோற்றுக்குப் போக எழுந்தவர்களில் கடைசி ஆளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"லாரி கிடக்கட்டும் அண்ணாச்சி. துப்பாக்கி வந்தா என்ன செய்வீக?" என்று இப்போது அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அதுவும் வந்தது என்றார் அவர். அறுவடைப் போராட்டத்தில் சுட்டார்கள். குண்டு நேரே நெஞ்சைப் பார்த்து வந்தது. ஒரு சாண் தூரத்தில் வரும்போது அதன் இடுப்பில் தொட்டார். குண்டுக்கு இடுப்பு எங்கேவே இருக்கு என்று மாடக்கண்ணு கேட்டார். மூக்குக்கும் பிட்டத்துக்கும் நடுவில், மனுஷனுக்கு இருக்கிற அதே இடத்தில்தான் என்றார் சொரிமுத்து. தொட்ட குண்டு அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு அடங்கல் தட்டினால் மறுபடி கிளம்பிவிடுமே என்று அப்படியே விட்டுவிட்டார். இன்றைக்கும் அந்த வயலில் நெஞ்சுயரத்தில் நிற்கிறது. களை எடுக்கிற பெண்கள் தூக்குச்சட்டியை அதில்தான் மாட்டுகிறார்கள். போலீஸ் கணக்கில் அந்தக் குண்டு இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது.

உள்ளிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி, பாதியில் இருமலாக மாறியது. எல்லோரும் வெயிலுமுத்துவைப் பார்த்தார்கள். பூனைக்கு நெஞ்சுச்சளி என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

மணி இரண்டே கால். சொரிமுத்து குரலைத் தாழ்த்தினார். வராந்தாவில் இருந்தவர்கள் குனிந்தார்கள். உள்ளே நாற்காலி இன்னும் ஒரு முழம் நகர்ந்தது.

மனிதன் உடம்பில் வர்மம் நூற்றெட்டு. நூற்றொன்பதாவது ஒன்று உண்டு, அது அரசாங்கத்தின் உடம்பில் இருக்கிறது என்று ஆசான் சொல்லியிருந்தாராம். அதைத் தேடி இவர் சென்னைக்குப் போனார். மூன்று மாதம் கோட்டையைச் சுற்றினார். கதவுக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார், இல்லை. ஃபைல் கட்டும் சிவப்பு நாடாவைத் தொட்டுப் பார்த்தார், இல்லை. முத்திரைக் கட்டை, சுழல் நாற்காலி, டவாலிச் சேவகனின் இடுப்புப் பட்டை, எதிலும் இல்லை. தொண்ணூறாம் நாள் கண்டுபிடித்தார். ஒரே ஒரு விரலால் தொட்டார். மேலே இருந்து கீழே வரை பதினேழு இலாகாவும் அந்த நிமிடமே மரத்து நின்றுவிட்டன. ஓர் ஆள் ஒரு வேலை செய்யவில்லை.

"பெறவு?" என்றார் மாடக்கண்ணு. புளுகு என்று தெரிந்தும் அவர் வாய் தானாகக் கேட்டது.

"பெறவு என்ன? நாலு மாசம் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலை. நானா பாத்து அடங்கல் தட்டுனேன். அதுவும் யாருக்கும் தெரியலை."

சொரிமுத்து சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். "ஆனா அந்த இடம் இருக்கே, அது நம்ம ஊரு ஆபீசு வரைக்கும் எல்லா ஆபீசுலயும் இருக்கு. தெனம் கண்ணுல படுற இடம். அது எதுன்னு கேட்டீகன்னா..."

அவர் நிறுத்தினார். செம்புத் தண்ணீரைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம், பேருந்துக்கு நேரமாகிறது, மனுவை எழுதி வைத்துவிட்டு நாளைக்கு வருவோம், எல்லோரும் எழுந்திருங்கள் என்றார். பேராச்சிதான் முதலில் எழுந்தாள். பதினொரு குடும்பமும் சத்தமாக எழுந்து செருப்பைத் தேடியது.

"எந்த இடம்யா அது?" என்றது பூட்டிய கதவு.

செருப்பைத் தேடிய கால்கள் அப்படியே நின்றன.

"பூனை," என்றார் வெயிலுமுத்து, பழக்கத்தில்.

பூனையாருக்கு வாயால் சொன்னால் விளங்காது, நேரில்தான் காட்ட வேண்டும் என்றார் சொரிமுத்து. உள்ளே நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. பிறகு, திறந்து தொலையும் வெயிலு என்று கேட்டது. வெயிலுமுத்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

குணசீலன் வேர்வையில் குளித்து, மீசையில் சால்னாவோடு நின்றார். சொரிமுத்து உள்ளே போய், வலது கையை நீட்டுங்க சார் என்றார். நீண்ட கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் கவட்டைக்கு நேராகத் தன் விரலைக் கொண்டுபோனார்.

"இதுதான் சார். பேனா உக்காருற இடம். இங்க ஒரு தொடு, அம்புட்டுதான். மூணு நாளோ மூணு மாசமோ, அது கையோட ராசி."

உண்மையில் தங்கையன் ஆசான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: அடி விழும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவர் விரல் கொஞ்சம் நடுங்கியது. வயதின் நடுக்கம். குணசீலன் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்.

"தொட்டுராதீங்க பெரியவரே."

"எழுதிக்கிட்டிருக்குற கையைத் தொடக் கூடாதுன்னு ஆசான் உத்தரவு சார். சும்மா கிடக்குற கையைத்தான் தொடலாம்."

குணசீலன் சிரித்தார். இதையெல்லாம் நான் நம்புகிற ஆளா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மேசைக்குப் போய் பேனாவை எடுத்தார். அடங்கல் பதிவேட்டை விரித்து முதல் நகலை எழுத ஆரம்பித்தார். கரட்டுக்காடு, உளுந்து, இரண்டு ஏக்கர், பேராச்சி. சொரிமுத்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து விரலை மேசைமேல் வைத்துக்கொண்டார். நான்காவது நகலில் குணசீலன் தண்ணீர் குடிக்கப் பேனாவைக் கீழே வைத்தார். விரல் ஓர் அங்குலம் நகர்ந்தது. தண்ணீரை இடது கையால் குடித்தார். ஏழாவதில் கணக்குச் சரிபார்க்க நாளை வரை அவகாசம் வேண்டும் என்றார். விரல் இரண்டு அங்குலம் நகர்ந்தது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மூன்றே காலுக்குப் பதினோராவது நகலில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. பேராச்சி எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, தன் பெயரை மட்டும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடியில் செருகினாள். ஆட்கள் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடத் தொடங்கினார்கள்.

சொரிமுத்து எழுந்தபோது, குணசீலன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்கில் இவ்வளவு எழுதிப் பழகாத கை. விரல்கள் மடங்கியபடியே நின்றன, விரிய மாட்டேன் என்றன. அவர் முகம் வெளிறிப்போனது.

"கை மரத்துப்போச்சே. தொட்டுட்டீங்களா பெரியவரே? அடங்கல் தட்டிவிட்டுட்டுப் போங்க."

சொரிமுத்து வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அடங்கலா சார்? மனு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."