வேண்டாமென்று சொல்லாத மூன்று நாள்

ஆவுடையப்பன் மடத்துக்கு வர ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. விறகு பிளப்பார், தண்ணீர் சுமப்பார், நூறு பேர் பந்திக்குத் தனியாளாகப் பரிமாறுவார். யாராவது ஒரு கை கொடுக்க வந்தால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "நான் என்ன கையாலாகாதவனா?" என்பார்.

சாமிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் குரு குருதானே. வருஷா வருஷம் ஆவுடையப்பன் கைகட்டி நின்று கேட்பார்.

"சாமி, எனக்கு எப்பம் உபதேசம்?"

"பார்ப்போம் அண்ணாச்சி."

பின்னால் வந்தவர்களெல்லாம் உபதேசம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆவுடையப்பனுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இந்த ஆடியில், அரிசி மூட்டையை ஒண்டியாகத் தூக்கிக்கொண்டு மடத்துப் படியேறியவர் வழுக்கி விழுந்தார். முட்டியில் ஜவ்வு கிழிந்துபோயிற்று. ஒன்றரை மாதம் படுக்கை. அப்புறம் கம்பை ஊன்றி நொண்டி நொண்டி வந்து சாமி முன்னால் உட்கார்ந்தார்.

"வீட்டுல எல்லாரும் வேன் பிடிச்சு மூணு நாள் கோயில் கோயிலாப் போறாங்க. என்னையும் கூப்பிடுதாங்க. நான் எதுக்கு சாமி, அவங்களுக்குப் பாரமா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மெதுவாப் படிகூட ஏறலாம்னுட்டார். ஆள் துணை வேணுமாம்."

"அப்பம் போயிட்டு வாங்க. ஒரே ஒரு விரதம். யார் என்ன உதவி செய்ய வந்தாலும் வேண்டாம்னு சொல்லக் கூடாது. காப்பாத்திட்டா உபதேசம்."

இவ்வளவுதானா என்று ஆவுடையப்பன் துள்ளாத குறையாக வீட்டுக்குப் போனார். மறுநாள் வேன் வாசலில் வந்து நின்றதும் அவர் முகம் சுண்டிவிட்டது. வண்டியை ஓட்டி வந்தவன் மச்சினன் கொம்பையா. அவன் கல்யாணத்தில் தன்னைப் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று ஆவுடையப்பன் பேச்சை விட்டுப் பதினொரு வருஷம். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அவர் மனைவி கோமதி அழுத அழுகை கொஞ்சமா நஞ்சமா?

நாலாம் நாள் காலையில் மடத்துக்கு வந்தார்.

"விரதம் எப்படிப் போச்சு?" என்றார் சாமி.

"ஏன் கேக்கீங்க. மாமியார் ஒரு தைலம், மக ஒரு தைலம், சம்பந்தியம்மா ஒரு தைலம். மூணையும் இந்த ஒரு முட்டியில தேய்ச்சாங்க. வேன்ல ஒருத்தரும் மூச்சு விட முடியல. பேத்தி தோசையைப் பிச்சு ஊட்ட வந்தா. கால்லதான் அடி, கையில இல்லன்னு சொல்ல நினைச்சேன். விரதமாச்சேன்னு ஆ காட்டினேன்."

சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மச்சினன்?"

"மலைக்கோயில்ல நூத்தியெட்டுப் படி சாமி. ஓரத்துக் கம்பியைப் பிடிச்சு ஏறப் பார்த்தேன். 'தோளைப் பிடிங்க அத்தான்'ன்னு வந்து நின்னான். என்ன செய்ய? பிடிச்சேன். அம்பது படி வரைக்கும் ரெண்டு பேரும் பேசல."

"பொறவு?"

"'அன்னைக்கு உங்களைக் கூப்பிடத்தான் வந்தேன் அத்தான். நீங்க சாம்பார் வாளியை யார்கிட்டயும் கொடுக்காம அலைஞ்சீங்க. எப்படிக் கூப்பிட?'ன்னான். நிசந்தான் சாமி. எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. பின்னால வந்த கோமதி படியிலேயே உட்கார்ந்து அழுதா."

"அப்பம் விரதம் நிறைவேறிட்டு."

ஆவுடையப்பன் தலையைத் தொங்கப் போட்டார். "இல்ல சாமி. ஒரு பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"மேல கும்பிட்டுட்டுக் கொஞ்சம் உட்கார்ந்து எந்திரிச்சதும் வலி போயிட்டு. கம்பியைப் பிடிச்சு நானே இறங்கியிருக்கலாம். இப்பம் எப்படியிருக்குன்னு அவன் கேட்டான். ரொம்ப வலிக்குன்னேன்."

"ஏன்?"

"தோளை விட மனசு வரல."

பொய் சொன்னவனுக்கு ஏது உபதேசம் என்று முணுமுணுத்தபடி அவர் எழுந்திருக்கக் கம்பைத் தேடினார். சாமி கை நீட்டினார். ஆவுடையப்பன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு விடியக் குளிச்சிட்டு வாங்க அண்ணாச்சி, உபதேசம் தாறேன்" என்றார் சாமி. "மச்சினனோட வாங்க. படியேறும்போது நொண்ட மறந்துராதீங்க."