கோல் யாருக்குச் சொந்தம்?

முன்னொரு காலத்தில் மாறங்கூர் நாட்டைக் கொற்றவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காது மட்டும் ரொம்ப மெலிசு. கடைசியாக வந்து ஓதியவர் சொன்னதுதான் அவருக்குச் சட்டம்.

ஓதுவதற்கென்றே பிரதானி குஞ்சரநாதர் இருந்தார். அமைச்சர் அறவாழியின் பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். ராஜாவைக் குளிரவைக்க ஒன்றரை ஆள் உயரத்தில் ஒரு செங்கோல் செய்து கொடுத்தார். அதோடு விட்டாரா?

"மகாராஜா, உங்கள் கையில் இருப்பதும் கோல், ஓடக்காரன் கையில் இருப்பதும் கோலா? மானம் போகிறதே!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. கோல், தண்டு என்ற சொற்களை இனி யாரும் உச்சரிக்கக் கூடாது, அந்தப் பொருளைத் தொடவும் கூடாது, மீறினால் தலை போகும் என்று ஊரெல்லாம் பறையறைந்தார்கள்.

மறுநாளே ஓடக்காரன் சடையாண்டி மாட்டினான். வெள்ளத்தில் படகு திரும்பியபோது, "கோலை ஊன்றுடா!" என்று கூட்டாளியிடம் கத்திவிட்டான். சிறையில் போட்டார்கள். அவன் மனைவி வெள்ளச்சி அமைச்சரிடம் ஓடினாள்.

"சாமி, பழகின வாய் கத்திடுச்சு. அதுக்குத் தலையா?"

"அழாதே அம்மா. இந்தச் சட்டத்தை ஓர் எழுத்து விடாமல் கடைப்பிடிக்கப் போகிறேன். அதுவே உன் புருஷனை வெளியே கொண்டுவரும்."

அன்று மாலை ராஜாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார்.

"எங்கேயப்பா கோளாறு?"

"முதுகில் அரசே... நடுவில், மேலிருந்து கீழே போகிறதே, அதில்."

"அதற்குப் பெயர் இல்லையா?"

"முந்தாநாள்வரை இருந்தது அரசே."

ராஜா முறைத்தார். அருகில் நின்ற அறவாழி தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

வலி தீர்ந்ததும் அக்கரைத் திருவிழாவுக்குப் புறப்பட்டார்கள். ஆற்றை அறிந்தவன் சடையாண்டி ஒருவன்தான். "அவனையே அழைப்போம். ஆனால் சட்டப்படிதான் ஓட்டுவான்" என்றார் அறவாழி. செங்கோலோடு ராஜாவும், மூக்கை உயர்த்தியபடி பிரதானியும், பின்னால் அறவாழியும், புருஷனை விட்டுப் பிரியாமல் வெள்ளச்சியும் ஏறினார்கள். கரையிலிருந்தவர்கள் படகைத் தள்ளிவிட்டார்கள்.

நடு ஆற்றில் படகு சுற்ற ஆரம்பித்தது. சடையாண்டி கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா சும்மா இருக்கிறாய்?" என்று ராஜா அலறினார்.

"திருப்புற சாமானைத் தொடக் கூடாதுன்னு உத்தரவுங்க, மகாராஜா."

சுழி நெருங்கியது. பிரதானி ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டார். "கோல்! யாராவது ஒரு கோல் கொடுங்கள்!" என்று ராஜாவே கத்திவிட்டார்.

"உங்கள் கையில் இருக்கிறதே அரசே" என்றார் அறவாழி.

ராஜா செங்கோலைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், சட்டென்று நீட்டினார். சடையாண்டி அதை வாங்கி அடி மணலில் அழுத்தி ஊன்றினான். ஒரே உந்தலில் படகு திரும்பியது. அக்கரை ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

"ஐயோ, செங்கோலில் சேறு!" என்று பதறினார் பிரதானி.

"இருக்கட்டும். இது இன்றைக்குத்தான் வேலை செய்திருக்கிறது" என்றார் ராஜா.

அறவாழி சொன்னார்: "படகைத் திருப்ப ஒரு கோல், மாட்டைத் திருப்ப ஒரு கோல், நாட்டைத் திருப்ப ஒரு கோல். நாம் நிமிர்ந்து நிற்க முதுகுக்குள்ளும் ஒரு தண்டு. எது எங்கிருந்து வந்ததோ, யார் கண்டது? வழி தவறாமல் நடத்துகிற எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து பிடுங்கினால் முதலில் கவிழ்வது நாம்தான், அரசே."

ராஜா அங்கேயே சட்டத்தை ரத்து செய்தார். சடையாண்டிக்குத் தம் கைக் காப்பைக் கழற்றிப் போட்டார், அறவாழியைக் கட்டித் தழுவினார். பிறகு பிரதானியின் பக்கம் திரும்பி, "ஓடக்காரன் கோல் அற்பமானதுதானே? படகைத் திரும்ப நீர்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், பிரதானியாரே" என்றார்.

குஞ்சரநாதர் ஒரு மூங்கில் கோலோடு புறப்பட்டார். பத்தடி தூரம் போவதற்குள் படகு அவரோடு சுற்றிச் சுற்றி வந்தது. தலைப்பாகை தண்ணீரில் போனது. "சடையாண்டி! கோல்! இந்தக் கோலை எங்கே ஊன்றுவது? கோல்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கரையில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளச்சி பதில் குரல் கொடுத்தாள்: "மெதுவாச் சொல்லுங்க பிரதானி ஐயா, தலை போயிரும்!"

முதலில் சிரித்தவர் ராஜாதான்.