வாடைக்காற்றும் ஒச்சம்மாளின் மூக்கும்

எருமையும் காற்றும் மனுசரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மூக்குகூடத் தனியாகப் பேசும். அப்போது சைக்கிள் ஏது என்று இடையில் புகுந்து கேட்காதீர்கள். எருமை பேசியதை நம்புகிறீர்கள், சைக்கிளில் மட்டும் என்ன சந்தேகம்? சைக்கிள் இருந்தது. மூக்கு ஒழுகுவதுதான் இல்லை. மார்கழிப் பனியிலும் மனுசர் மூக்கு காய்ந்த கொட்டாங்குச்சியாகத்தான் கிடந்தது.

மலை உச்சிக்கு இந்தப் பக்கம் மேலூத்து, அந்தப் பக்கம் கீழூத்து. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரு வழக்கம். பனிக்காலத்தில் சைக்கிள் எடுத்தால், ஆட்டு மயிரை உருட்டி இரண்டு மூக்குத் துவாரத்திலும் அடைத்துக்கொள்வார்கள். குளிர் மூக்கு வழியாகத்தான் நெஞ்சுக்குள் போகிறது என்று அவர்கள் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்கள். மூக்கை அடைத்தால் வாயைப் பிளந்துதானே மூச்சு வாங்க வேண்டும்? அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. போன தை மாதம் உப்பு ஏற்றிக்கொண்டு போன கருத்தமலை, பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஊர் கூடிப் பார்த்துவிட்டு, "பாவம், சரியா அடைக்கல" என்றது. அன்றிலிருந்து எல்லோரும் இன்னும் இறுக்கி அடைத்தார்கள். என்னத்தைச் சொல்ல!

மேலூத்தில் ஒச்சம்மாள் என்று ஒரு மருத்துவச்சி. இரண்டு ஊருக்கும் பிள்ளைப்பேறு பார்ப்பது அவள்தான். ஒரு மார்கழி விடியலில் அவள் தங்கச்சி புருசன் மொக்கராசு கீழூத்திலிருந்து மலையேறி ஓடிவந்து வாசலில் விழுந்தான்.

"மதினி, சிட்டுவுக்கு நேத்து பொழுது சாய வலி எடுத்துச்சு. இன்னும் பிள்ளை இறங்கல. கால் முன்னால வந்திருக்குன்னு அம்மா சொல்லுது."

ஒச்சம்மாள் சைக்கிளை வாசலுக்கு இறக்கினாள். கால் முன்னால் வந்தால் பிள்ளையைப் பக்குவமாகத் திருப்பி எடுக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கம் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. நடந்து போனால் உச்சிவேளை ஆகிவிடும். அதுவரை சிட்டு தாங்க மாட்டாள்.

"நீ பின்னாடி நடந்து வா தம்பி. நான் மிதிக்கிறேன்."

சேலையை வரிந்து கட்டினாள். மூக்கில் ஆட்டு மயிரைத் திணித்தாள். சைக்கிள் கிளம்பிவிட்டது.

ஏற்றத்தில் பாதி தூரம் போவதற்குள் வாயைத் திறந்து இழுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவுதான், வாடைக்காற்று வந்து சேர்ந்துகொண்டது.

"நல்லாத் திற தாயி" என்றது வாடை. "எனக்கும்தான் குளிருது. உன் நெஞ்சுக்குள்ள கதகதன்னு ஒரு அடுப்பு எரியுதே. அதுல போய் உட்கார்ந்துக்கிறேன்."

"போயிரு! என் தங்கச்சி அங்க துடிச்சுக்கிட்டு இருக்கா!"

இதைச் சொல்ல வாய் திறந்தாளே, அதற்குள் வாடை ஒரு பாகம் உள்ளே போய்விட்டது. நெஞ்சுக்குள் பனிக்கட்டியை வைத்து அழுத்திய மாதிரி இருந்தது. கண் இருட்டியது. மிதி தடுமாறியது. உச்சியில் சதுப்புக்குப் பக்கத்தில் சைக்கிளோடு சாய்ந்து, கையை ஊன்றிக்கொண்டு இருமினாள். செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். தான் செத்தால் சிட்டுவும் போய்விடுவாள், பிள்ளையும் போய்விடும். மூன்று உயிர்.

சதுப்பில் நின்ற எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

"உன் மூக்கு ஏதோ கத்துதே, உனக்குக் கேக்கலையா?"

ஒச்சம்மாள் இல்லை என்று தலையாட்டினாள்.

"எப்படிக் கேக்கும்? அதான் கட்டி கட்டியா அடைச்சு வச்சிருக்கீகளே! பத்து வருசமா இந்தப் பனியிலதான் நான் மேயுறேன். என் மூக்கைப் பாரு, எப்பவும் ஈரம். எனக்கு என்ன ஆச்சு? அதை எடுத்துப் போட்டுட்டு, அது என்ன சொல்லுதுன்னு கேளு."

பிறந்ததிலிருந்து கேட்ட எச்சரிக்கையெல்லாம் ஒச்சம்மாளுக்கு ஞாபகம் வந்தது. பனியில் மூக்கைத் திறந்தவன் பிழைக்க மாட்டான் என்றுதான் ஊரே சொல்லும். ஆனால் அடைத்து வைத்தும் செத்துக்கொண்டுதானே இருக்கிறாள்! நகத்தை விட்டு இரண்டு உருண்டையையும் பிடுங்கி எறிந்தாள்.

"அப்பாடா!" என்றது மூக்கு. அடுத்த மூச்சில் சண்டைக்கு வந்தது. "வாசக் காவக்காரனைக் கட்டிப் போட்டுட்டு, சன்னல் வழியாத் திருடன் வந்தான்னு அழுவுறீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்ல? வாயை மூடு முதல்ல!"

ஒச்சம்மாள் வாயை மூடினாள்.

"வாடையை நான் சும்மா விட மாட்டேன். சூடு பண்ணி, ஈரம் பண்ணி, பல்லைப் பிடுங்கித்தான் உள்ள விடுவேன். ஆனா அந்த ஈரம் வெளிய வடியும். நாலு பேர் முன்னாடி வடியும். அசிங்கம்னு சொல்லி மறுபடி என்னை அடைக்கக் கூடாது. சம்மதமா?"

"வடி. ஆறா ஓடு. என் தங்கச்சி பிழைச்சாப் போதும்."

சைக்கிளை நிமிர்த்தி ஏறினாள். இனி ஒரே இறக்கம். வாடை சீறிக்கொண்டு வந்து வாயைத் தட்டியது, திறக்கவில்லை. மூக்குக்குள் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் "ஐயோ, இது என்ன, நான் வெதுவெதுன்னு ஆயிட்டேனே!" என்று அலறியது. நெஞ்சில் இருந்த பனிக்கட்டி மெல்லக் கரைந்தது. மூக்கோ சொன்ன சொல் தவறாமல் வடிய ஆரம்பித்தது. மேலுதட்டில் இறங்கியது, உதட்டோரத்தில் நமைச்சல் எடுத்தது, நாடியில் தொங்கியது. பொறுக்க முடியவில்லை. அவளையறியாமல் இடது கை பிரேக்கை விட்டுவிட்டு மேலே வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வளைவு வர வேண்டுமா! பனி உறைந்த தரையில் முன்சக்கரம் வழுக்கிப் பள்ளத்தின் பக்கம் திரும்பியது. கீழே பாறையும் முள்ளும். அலறக்கூட வாயைத் திறக்க முடியாது. எட்டிப் பிரேக்கைப் பிடித்து, காலைத் தரையில் தேய்த்து, விளிம்பில் ஒரு முழம் மிச்சம் இருக்கும்போது நிறுத்தினாள். மூக்கில் பட்ட விரல் நுனி அதற்குள் ஈரத்தோடு உறைந்து மரத்திருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கையை வைத்துத்தான் பிள்ளையைத் திருப்ப வேண்டும்! விரலைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றினாள். பிறகு கழுத்தைத் திருப்பி, ரவிக்கைத் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். கீழூத்து போகும்வரை பத்துத் தடவை தேய்த்திருப்பாள். கை மட்டும் பிரேக்கை விட்டு அசையவில்லை.

வீட்டு வாசலில் சிட்டுவின் மாமியார் காமுத்தாய் நின்றிருந்தாள்.

"ஏத்தா, இது என்ன கோலம்? மூஞ்சியெல்லாம் வடியுதே!"

"வடியட்டும் அத்தை. வெந்நீர் கொண்டாங்க."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சிட்டு முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா வந்துட்டியா" என்று உதடு மட்டும் அசைந்தது. ஒச்சம்மாள் அவள் காலடியில் உட்கார்ந்தாள். விரல்கள் தங்கள் வேலையைத் தொடங்கின. அரை நாழிகை போனது. சிட்டு ஒருமுறை கத்தினாள், பிறகு கத்தவும் தெம்பில்லை. கடைசியில் பிள்ளை கைக்கு வந்தது. பெண் பிள்ளை. நீலம் பாய்ந்து, சத்தமில்லாமல் கிடந்தது.

காமுத்தாய் ஆட்டு மயிர் உருண்டையோடு ஓடிவந்தாள். பனிக்காலத்துப் பிள்ளைக்குப் பிறந்த உடனே மூக்கை அடைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம்.

"அடைக்காதீங்க அத்தை!"

"குளிர் உள்ள போயிரும்டி! ஊர் வழக்கத்தை மீறாத!"

"இந்த வழக்கத்துக்குக் கருத்தமலையைக் குடுத்தாச்சு. வழியில என்னையும் கேட்டுச்சு. இவளை நான் குடுக்க மாட்டேன்!"

பிள்ளையைத் தோளோடு அணைத்துக்கொண்டு, அதன் குட்டி மூக்கில் தன் வாயை வைத்து உறிஞ்சித் துப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி உறிஞ்சித் துப்பினாள். சிட்டு முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

பிள்ளை தும்மியது. மூக்கிலிருந்து ஒரு குமிழி கிளம்பி உடைந்து வடிந்தது. அதன் பின்னாலேயே வந்த அழுகை கூரையைப் பிய்த்தது.

காமுத்தாய் கையிலிருந்ததை அடுப்பில் போட்டாள். ஒச்சம்மாள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின, அவள் எதையும் துடைக்கவில்லை. சிட்டு பிள்ளையை மாரில் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

குளிரில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு மூக்கு ஒழுகுவதும், பிரேக்கிலிருந்து கையை எடுக்காமல் அவர்கள் அதைத் தோளில் துடைத்துக்கொண்டு போவதும், அந்தப் பிள்ளை அழுத காலையிலிருந்துதான்.